அருமனை: மலைநாட்டு வாயிலின் சரித்திரம்

அரண்மனையும் கோட்டையும் கொத்தளமும் உடைய பட்டணங்களுக்கே சரித்திரம் உண்டு என்று கருதுவார் நம்முள் பலர். அரசர் வந்து தங்கிய ஊரைப் பற்றி எழுதுவோர் மிகுதி. ஆள் வந்து மண்வெட்டிய ஊரைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும் ஒரு சமூகம் எவ்வாறு எழுந்தது, எதனை உண்டு வாழ்ந்தது, எவ்வழியாய் நிலமுடையதாயிற்று என்பவற்றை அறிய விரும்புவார்க்குச் சிற்றூர்களின் வரலாறே தக்க ஆதாரமாகும். இக்கருத்தை உட்கொண்டு, விளவங்கோடு தாலுகாவின் மேற்கூற்றிலுள்ள அருமனை என்னும் ஊரின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்கள் முன்னிலையில் சுருக்கமாய் வைக்கத் துணிந்தோம்.

முதலாவது, இடத்தின் இயல்பைக் கூறுதும். கன்னியாகுமரி ஜில்லாவை வெளியூரார் நாஞ்சில் நாடு என்றே பொதுப்பட வழங்குவர். தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய கீழ்த்தாலுகாக்களே உண்மையில் நாஞ்சில் நாடு எனப்படுவன. அவை விரிந்த வயல்களும் ஏரிகளும் உடைய சமபூமி. கல்குளம், விளவங்கோடு ஆகிய மேற்றாலுகாக்களோ குன்றும் சரிவும் ஓடையும் மாறிமாறி வருவன. இங்கே குன்றின் சரிவு 'விளை' எனவும், இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்ந்த நெல்வயற்பரப்பு 'ஏலா' எனவும் பெயர்பெறும். விளையில் தெங்கும் பலாவும் நல்லமிளகும் வாழையும்; ஏலாவில் நெல். இதுவே பழைய ஏற்பாடு.

மார்த்தாண்டத்திலிருந்து வடகிழக்கு நோக்கிச் செல்லும் பாட்டை மேல்புறம் வழியாக அருமனையை அடைகின்றது. அங்கிருந்து கடையாலுமூடு, களியல் என்னும் ஊர்களைக் கடந்தால் சிற்றாற்று அணைகளும் பத்துகாணி, ஆறுகாணி முதலிய மலையோரக் குடியிருப்புகளும் வரும். அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் காடு. 'மூடு' என்பது இந்நாட்டு வழக்கில் மரத்தின் அடியைக் குறிக்கும் சொல். கடையாலுமூடு என்னும் பெயரைப் பிரித்து நோக்கின் கடை, ஆல், மூடு என நிற்கும். மலைக்கு ஏறுவோர் இளைப்பாறுதற்கு ஒரு மரநிழலை அடையாளமாகக் கொண்ட காலத்தை இத்தகைய பெயர்கள் நமக்கு நினைப்பூட்டுகின்றன. மலைச்சரக்கு இறங்கும் சந்தையாகவும், உப்பும் துணியும் ஏறும் கடைத்தெருவாகவும், காட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே நின்ற ஊர் அருமனை. ஆகவே அதனை மலைநாட்டின் வாயில் என்று அழைத்தல் பொருந்தும்.

இவ்வட்டாரத்தின் பழமை சிறிதன்று. பொதியில் மலைக்குரிய ஆய் வேளிர் சங்ககாலம் தொட்டே புகழ்பெற்றவர். அம்மரபில் பின்வந்த கருநந்தடக்கன் கி. பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலையை, அஃதாவது மாணாக்கர்க்கு உணவும் கல்வியும் அளிக்கும் கழகத்தை, நிறுவினான். அவனுக்குப் பின் அரசுபுரிந்த விக்கிரமாதித்த வரகுணன் காலத்துச் சாசனம் ஒன்று அருமனைக்கு அணித்தாயுள்ள சிதறால் மலையிற் காணப்படுகின்றது. அம்மலையின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. சமண முனிவர் தங்கித் தவம்புரிந்த இடம் அது. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவ்வரசனது 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குறத்திகள் என்னும் அம்மையார் அங்குள்ள பகவதியார்க்குப் பொன்னணி வழங்கிய செய்தியை அச்சாசனம் தெரிவிக்கின்றது. 'குறத்தி' என்பது ஈண்டுக் குருவாகிய பெண்ணைக் குறிக்கும். பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கல்வியிலும் துறவிலும் சிறந்த பெண்மக்கள் இம்மலையடியில் மதிக்கப்பெற்றனர் என்பதை நம் வீட்டுப் பெண்குழந்தைகள் அறிதல் வேண்டும். 13ஆம் நூற்றாண்டளவில் அக்கோயில் பகவதி கோயிலாக மாறிற்று.

சைவர்க்கும் இவ்வழி புனிதமானதே. மகா சிவராத்திரியை ஒட்டி முன்சிறைத் திருமலையிலிருந்து புறப்பட்டுப் பன்னிரு சிவாலயங்களையும் காலால் ஓடித் தரிசிக்கும் சிவாலய ஓட்டம் இத்தாலுகாக்களுக்கே உரிய வழக்கம். 'கோபாலா, கோவிந்தா' என்று கூவிக்கொண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுவது இதன் விசேடம். இரண்டாம் ஆலயமாகிய திக்குறிச்சியினின்று மூன்றாம் ஆலயமாகிய திற்பரப்புக்கு ஓடுவோர் சிதறால், அருமனை, களியல் மார்க்கமாகவே செல்வர். திற்பரப்பில் கோதையாறு பாறைமீது வீழ்ந்து அருவியாகின்றது.

நிற்க. இக்காட்டின் பூர்வ குடிகள் யார் என்பதை மறவாது கூறுதல் சரித்திரம் எழுதுவோன் கடமை. அவர்கள் காணிக்காரர். காணி என்னும் சொல்லே நிலவுரிமையைக் குறிப்பது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூட்டுக்காணி என்னும் தலைவர் உண்டு. ஊராரைக் கூட்டிச் செய்தி சொல்பவர் விளிகாணி. நோய் தீர்ப்பதும் வழிபாடு நடத்துவதும் பிலாத்தியின் பணி. கொக்கரை என்னும் இருப்புக் கருவியை உரசி ஒலியெழுப்பிச் சாற்றுப்பாட்டுப் பாடுவது அவர்தம் மரபு. தேன், மெழுகு, பிரம்பு, மருந்துச் செடிகள் ஆகியவற்றை அவர்களே மலையினின்று கொணர்ந்தனர். ஓணக்காலத்தில் மலைப்பொருள்களைக் காணிக்கையாக ஏந்தித் திருவனந்தபுரம் அரண்மனைக்குச் செல்லுதல் அவர்தம் நெடுநாள் வழக்கமாகும். பகைவரால் துரத்தப்பட்ட மார்த்தாண்டவர்மருக்கு அடைக்கலம் அளித்தமையால் இம்மதிப்பைப் பெற்றதாக அவர்கள் கூறுவர்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அருமனை என்னும் பெயர் தலைநகரிலும் ஒலித்தது. பத்மநாபபுரத்திலிருந்து அரசிருக்கை திருவனந்தபுரத்துக்கு மாறிய தர்மராஜா காலத்தை ஒட்டி, மகாராஜாக்களின் பத்தினிமார்களாகிய பானப்பிள்ளை அம்மமார்களின் குடும்பங்கள் ஆங்கே குடியமர்த்தப்பட்டன. அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்னும் நான்கு அம்மவீடுகள் அவை. அருமனை அம்மவீடு இவ்வூரின் பெயரையே தாங்கியது. ஊரின் பெயர் அரண்மனைக்கு அடுத்த மாளிகையில் வழங்கிய அக்காலத்தில், ஊரில் உழைத்த எளியோரின் நிலை யாதாயிருந்தது?

அதனைக் கூற மனம் கூசுகின்றது. ஆயினும் மறைத்தல் தகாது. நம் நாடார் சமூகத்து எளியோர் பனையேறியும் பாட்டக்குடியாய் நிலம் பயிரிட்டும் சீவித்தனர். ஊழியம் என்ற பெயரால் கூலியின்றி வேலை வாங்கப்பட்டனர். பெண்கள் மேலாடை அணிதல் தடுக்கப்பட்டது. 1822 தொடங்கி இதன்பொருட்டு நிகழ்ந்த போராட்டங்கள் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைக் குலுக்கின. 1859 ஜூலையில், அஃதாவது கொல்லம் 1034இல், உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட விளம்பரத்தின்படி நம் பெண்மக்கள் மார்பை மறைக்கும் உரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்விளம்பரமும் உயர்ந்த சாதியார் அணிவதுபோல் அணியலாகாது என்ற கட்டுப்பாட்டோடு வந்ததே. நம்மினும் தாழ்ந்த நிலையில், விற்கவும் வாங்கவும்பட்ட அடிமைகளாய் வாழ்ந்தோர்க்கு 1855இல்தான் விடுதலை விளம்பரம் பிறந்தது. நம் துன்பத்தைச் சொல்லும்போது அவர்தம் துன்பத்தையும் உடன் சொல்லுதலே நேர்மை.

மானத்தைக் காத்த விளம்பரம் அது. வயிற்றைக் காத்த விளம்பரம் பிறிதொன்று உண்டு. 1865 ஜூன் மாதத்தில், கொல்லம் 1040இல் வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம் என்பது அதன் பெயர். அதற்கு முன்னர் சர்க்கார் நிலத்தைப் பயிரிடுவோன் வெறும் பாட்டக்காரன். நிலத்தை விற்கவோ பிறர்க்குக் கைமாற்றவோ அவனுக்கு உரிமையில்லை. அவ்விளம்பரமோ, வரி செலுத்தி வரும் வரையில் பயிரிடுவோனே நிலத்துக்கு உடையவன், அதனை விற்கலாம், ஈடு வைக்கலாம், மக்களுக்கு விடலாம் என்று உறுதி செய்தது. திருவிதாங்கூரில் சர்க்கார் நிலம் மிகுதியாயிருந்தமையால் இதன் பயன் பல்லாயிரம் குடும்பங்களை எட்டிற்று. ஜன்மிகளின் நிலத்தைப் பயிரிட்டோர்க்கு 1896ஆம் ஆண்டு ஜன்மி குடியான் சட்டத்தால் ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது.

உரிமை வந்தது; நிலம் வாங்கப் பணம் வேண்டுமே! அப்பணத்தில் ஒரு பகுதி இலங்கையிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அத்தீவின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகவும் கங்காணிகளாகவும் சென்ற நம்மவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு ஊரில் துண்டு நிலம் வாங்கினர். மிஷன் பள்ளிக்கூடங்கள் எழுத்தறிவு தந்தன. எழுதத் தெரிந்தவன் தன் ஆதாரத்தைத் தானே படித்துக்கொண்டான். இம்மூன்றும் ஒருங்கு கூடியமையாலேயே கடற்கரைப் பனந்தோப்புகளை விட்டு மலையடிவாரம் நோக்கி நம்மவர் ஏறினர். நாயர், வேளாளர் முதலிய பிற சமூகத்தாரும் இந்நிலத்தில் உழைத்தவரே. விளைகளைத் திருத்தி, கல்லைப் பொறுக்கி வரம்பு கட்டி, மழைநீர் மண்ணை அரிக்காவண்ணம் படிப்படியாய் வெட்டி, அருமனைச் சுற்றுப்புறத்தை வேளாண்மைக்குரியதாக்கியது இத்தகையோர் அனைவரின் கைகளே.

அவர்களைப் பசியினின்று காத்த பயிர் மரச்சீனி. தென்னமெரிக்காவினின்று வந்த இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரவச் செய்தவர் 1880 முதல் 1885 வரை அரசுபுரிந்த விசாகம் திருநாள் மகாராஜா. குன்றின் சரிவிலும் வளரும். மிகுந்த எரு வேண்டாது. ஏழையின் குழியிலும் விளையும். இரண்டாம் உலக யுத்தத்தில் 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே அங்கிருந்து வந்த அரிசி நின்றது. வெளிநாட்டரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பெரும் பஞ்சத்துக்கு ஆளாயிற்று. அந்நாளில் மேற்றாலுகாக்களின் ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்ததென்றால் அது மரச்சீனியாலேயாம். உணவு விளைவிக்கும் பொருட்டுச் சர்க்கார் காட்டுநிலங்களைக் குத்தகைப்பாட்டமாக விட்டதும் அக்காலத்தேதான். காட்டின் எல்லை அவ்வாறு ஒருபடி பின்னே சென்றது. நாட்டின் எல்லை ஒருபடி முன்னே வந்தது.

ஈண்டு நீரைப் பற்றியும் சில கூறல் வேண்டும். மின்சின் என்னும் எஞ்சினீயரின் பொறுப்பில் 1897இல் தொடங்கி 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை, மூலம் திருநாள் மகாராஜா காலத்துப் பெரும்பணி. கோதையாற்று நீரை அது தேக்கி நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அனுப்பிற்று. மலையடியிலிருந்த விளவங்கோட்டு மேட்டுநிலங்களோ, நீர் பிறக்கும் இடத்துக்கு அண்மையில் இருந்தும் மழையையே நம்பி நின்றன. இக்குறை 1956க்குப் பின்னரே ஒருவாறு நீங்கிற்று. காமராஜர் முதல்மந்திரியாயிருந்தபோது உருவான சிற்றாறு பட்டணங்கால் திட்டமும், 1966இல் கட்டப்பெற்று 115 அடி உயரத்தில் நீரைச் சுமந்து பள்ளத்தாக்கைக் கடக்கும் மாத்தூர்த் தொட்டிப்பாலமும் அதன் பயன்கள்.

1956 என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது எல்லைப் போராட்டம். மலையாளம் ஆட்சிமொழியாயிருந்த திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தினின்று தமிழ்த் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை இராச்சியத்துடன் இணைக்கவேண்டும் என்று மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் நிகழ்ந்தது அது. 1954 ஆகஸ்டு 11ஆம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் போலீசார் சுட்டதில் உயிரிழந்தோர் இத்தாலுகாவின் மண்ணுக்கே உரியவர். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னையுடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அருமனைக்கு மேற்கேயும் வடக்கேயும் சிறிது தொலைவில் இராச்சிய எல்லை விழுந்தது. பனச்சமூடு, வெள்ளறடைச் சந்தைகளுக்கு என்றும்போல் சென்றுவரும் குடியானவனுக்குச் சம்பந்தி வீடு எல்லைக்கு அப்பாலும், நிலம் இப்பாலுமாயின. ஆயினும் இங்கே இருமொழியும் ஒரு திண்ணையில் அமர்ந்தே பேசி வருகின்றன.

இனி, அருமனையின் இக்கால முகத்தை உருவாக்கிய மரத்தைக் குறித்துப் பேசுவோம். அஃது ரப்பர். பிரேசில் தேசத்து விதைகள் 1876இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு இலங்கை வழியாக இந்தியாவை அடைந்தன. 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் திருவிதாங்கூரின் முதல் தோட்டம் எழுந்தது. இடவப்பாதி மழையும் துலாமழையும் ஒருங்கே பெறும் விளவங்கோட்டுச் சரிவுகள் அம்மரத்துக்கு மிகவும் இசைந்தன. முதலில் பெருந்தோட்டக்காரர் நட்டனர். பின்னர் சிறு குடியானவரும் மரச்சீனியைப் பிடுங்கி ரப்பரை ஊன்றினர். சர்க்காரும் மலைச்சரிவில் நட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையினின்று திரும்பிய தமிழ்த் தொழிலாளர் பலர்க்கு அத்தோட்டங்களே பிழைப்பாயின. 1984 முதல் அரசு ரப்பர்க் கழகம் அவற்றை நடத்திவருகின்றது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் சென்று பால் வெட்டுவதும், சிரட்டையில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்து உறையவிட்டு ஷீட் அடிப்பதும், ஒட்டுப்பாலைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதும் இவ்வட்டாரத்துக் குடும்பங்களின் நித்திய கருமமாயின. இம்மரத்தால் நம் பிள்ளைகள் படித்தனர்; ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாயிற்று. இந்நன்றியை மறத்தல் ஆகாது.

ரப்பரோடு ஒட்டிய வேறொரு தொழிலும் உண்டு. அது தேனீ வளர்ப்பு. 1920களில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனருத்தாரண நிலையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்பித்தார். ரப்பர் மரம் மார்கழி, தையில் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, இளந்தளிரின் காம்பு நுனியிலுள்ள சுரப்பிகள் இனிய நீரைச் சொரியும். தேனீக்கள் பூவைத் தேடாது அத்தளிரிலேயே தேனெடுக்கும். அதனால் தை முதல் பங்குனி வரையில் பெட்டிகள் ரப்பர்த் தோட்டங்களில் வரிசையாக வைக்கப்படுகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஒரு நச்சுநோய் பரவித் தென்னாட்டுத் தேனீக்கூடுகளுட் பெரும்பாலானவற்றை அழித்தது. நம் வளர்ப்போர் தளராது எஞ்சியவற்றைப் பெருக்கினர். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்கும் கன்னியாகுமரி மட்டி வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தமை அவ்விடாமுயற்சிக்கு வந்த மதிப்பாகும்.

ஆனால், ஒரே மரத்தை நம்பி வாழ்தலின் அபாயத்தையும் நாம் கண்டுவிட்டோம். 2011இல் கிலோ 240 ரூபாயை எட்டிய ரப்பர் விலை 2016இல் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. கூலி கட்டாமையால் பலர் பால் வெட்டுவதையே நிறுத்தினர். 2017 நவம்பர் 30ஆம் தேதி வீசிய ஒக்கிப் புயல் ரப்பரையும் வாழையையும் எண்ணிறந்த அளவில் முறித்தெறிந்தது. வாழை மறுவருஷம் குலை தள்ளும். ரப்பர் நட்டு ஏழாண்டு காத்திருந்தாலன்றிப் பால் தராது. ஏலாக்களை மண்ணிட்டு நிரப்பி ரப்பரும் வீடும் ஏற்றியவர்க்கு, அவ்வேளையில் வீட்டுக்கு வேண்டிய நெல்லும் இல்லை, மரச்சீனியும் இல்லை. விளையும் ஏலாவும் ஒன்றையொன்று தாங்கி நின்ற பழைய ஏற்பாட்டின் பொருள் அன்று விளங்கிற்று.

மற்றொன்றும் உண்டு. நாம் மலைக்கு ஏறியபோது காடு நமக்குப் பின்வாங்கிக்கொண்டே சென்றது. இன்று அது பின்வாங்க இடமில்லை. 2001இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கப்பட்டது. 2016இல் உலக அமைப்பு அதனைத் தன் பட்டியலிற் சேர்த்தது. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. யானையும் காட்டெருமையும் வரையாடும் அங்கு வாழ்கின்றன. மலையோரக் குடியானவரோ, தம் பட்டா நிலம் வனம் எனவும் தனியார் காடு எனவும் எழுதப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகின்றனர். 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தைக் கேட்டாலே அவர்தம் முகம் வாடுகின்றது. இவ்வச்சம் பொய்யன்று. 1865இல் பெற்ற உரிமை பாட்டன் வியர்வையால் வந்தது. அதனை எளிதில் விட்டுக்கொடுக்க ஒருவரும் உடன்படார்.

எனினும், சங்கத்துச் சகோதரர்காள், ஒரு கணம் சிந்தியுங்கள். நம் நிலத்துக்கு ஆதாரமுண்டு என்று நாம் வாதிடும்போது, நமக்கு முன்னரே அங்கு வாழ்ந்த காணிக்காரர்க்கு என்ன ஆதாரம் இருந்தது? எழுத்துக் கற்பிக்க அவர்க்குப் பள்ளியில்லை. இலங்கைப் பணமும் இல்லை. காடு சர்க்காருடையதாயிற்று, பின் தோட்டமாயிற்று, அவர்கள் மேலே மேலே சென்றனர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே அவர்தம் உரிமைக்கு எழுத்து வடிவம் தர முற்பட்டது. காடு திருத்தி நாடாக்கினோம் என்று நாம் பெருமை பேசுவது நியாயமே. அப்பெருமையின் மறுபக்கத்தில் ஒரு கடன் இருக்கின்றது என்பதையும் ஒப்புக்கொள்வோம். பாட்டக்குடியாயிருந்து உரிமைக்குப் போராடிய மக்கள், உரிமைக்காகக் காத்திருக்கும் மக்களை அறியாதார்போல் இருத்தல் அழகன்று.

ஆதலால் அருமனை வட்டாரத்து நம் உறுப்பினர் செய்யத்தக்கவை சில உள. தம் நிலத்தின் பழைய ஆதாரங்களையும் வரிச்சீட்டுகளையும் செல்லரிக்காது காத்து, கிராம அலுவலகப் பதிவோடு ஒத்துப்பார்த்து, பிழையிருப்பின் காலத்தே திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பூசல் வந்தபின் தேடுவோர் கையில் கிடைப்பது பெரும்பாலும் கிழிந்த தாளே. எஞ்சிய ஏலாக்களை மண்ணிட்டு மூடாது காத்தல் வேண்டும். அவை நெல் தருவதோடு கிணறுகளுக்கு ஊற்றும் தருவன. ரப்பருக்கு இடையிலும் ஓரத்திலும் நல்லமிளகு, மட்டி, ஏத்தன், பலா, மரச்சீனி ஆகியவற்றை வைத்தல் வேண்டும். பாறையுடைப்போர்க்குக் குன்றை விற்போர், அக்குன்றின் அடியிலுள்ள அயலான் கிணற்றையும் சேர்த்தே விற்கின்றோம் என்பதை உணர்தல் வேண்டும். காணிக் குடியிருப்புப் பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் படிக்க வந்தால், நம் சங்கத்துக் கல்வியுதவி அவர்க்கும் நீளலாமே. அதனால் நம் பிள்ளைகளுக்குக் குறைவு வாராது.

வாயில் என்பது உட்புகுவோர்க்கும் வெளிவருவோர்க்கும் பொதுவானது. அருமனை வழியாக மலைக்கு ஏறிய நம் முன்னோர் வெறுங்கையராய் ஏறினர். நமக்கோ நிலமும் கல்வியும் நற்பெயரும் வைத்துச் சென்றனர். நமக்குப் பின் வரும் மக்கள் அவ்வாயிலில் நின்று நோக்குங்கால் மேலே காடும், நடுவே விளையும், கீழே ஏலாவும் அவர் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்துச் செல்லுதல் நம் பொறுப்பு. ஒற்றுமையும் உழைப்பும் ஓங்குக! மலைநாடு செழித்து வாழ்க!